வாபஸ் வாங்கிய கேள்வி

ஆலம்பாறைப்பட்டி
9-1-1938

மரியாதைக்குரிய வக்கீல் சிவசங்கரன் ஐயா அவர்களுக்கு, பள்ளிக்கூடத்து டீச்சர் அன்னக்கொடி எழுதிக்கொண்டது.

நீங்க சட்டசபை மெம்பராகி வருசம் ஒண்ணு ஆகப்போகுது. எங்க ஊர்ல ஓட்டு இருந்தது மொத்தம் பதினோரு பேருக்கு. எழுதப் படிக்கத் தெரிஞ்சதால எனக்கும் ஒண்ணு இருந்துச்சு, உங்களுக்குத்தான் போட்டேன். ஓட்டு இல்லாதவங்களுக்கும் சேத்துத்தான் இப்பக் கேக்குறேன்.

போன தை மாசம் ஓட்டுக் கேக்க எங்க ஊருக்கு வந்தீங்க. சாயங்காலம் கூட்டம் போட்டா ஆம்பளைக யாரும் இருக்க மாட்டாங்க, பொழுது சாஞ்சா பூராப் பேரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் படுக்கப் போயிருவாங்கன்னு நான் சொல்லிவிட்டேன். அதனால உச்சி வெயில்ல பேசினீங்க. பிறந்த சாதியை வைத்து ஒரு ஊரையே திருடர் என்று எழுதி, கைரேகை எடுத்து, ராத்திரிக்கு ஸ்டேஷனில் அடைக்கிற இந்த ரேகைச் சட்டத்தைப் பற்றித்தான் சபையில் என் முதல் கேள்வி இருக்கும்னு சொன்னீங்க. எங்க வீட்டுக்காரரு விருமாண்டி அன்னைக்குச் சாப்பிடக்கூட வரல. அந்தப் பேச்சைத்தான் வீடு வீடாப் போய்ச் சொல்லிக்கிட்டு இருந்தாரு.

சபையில நீங்க பேசுனதைப் பேப்பர்ல தேடித் தேடிப் படிக்கிறேன். மதுரைச் சாக்கடையப் பத்திப் பேசியிருக்கீங்க. பஸ் வரியைப் பத்தியும் பேசியிருக்கீங்க. மதுவிலக்கைப் பத்தி ரெண்டு தடவை. எங்களைப் பத்தி ஒரு வரி இல்ல.

முப்பத்திரண்டுல நீங்க ஒன்பது மாசம் ஜெயில்ல இருந்ததைச் சொல்லாத மேடை இல்ல. எங்க ஊர்ல ஐம்பத்தெட்டு ஆம்பளைக பதினெட்டு வருசமா ஸ்டேஷன் தரையில படுக்குறாங்க. அதைச் சொல்ல எந்த மேடையும் இல்ல.

நாலு வருசத்துக்கு முன்ன நான் பிள்ளைப்பேத்து வலியில கெடந்தப்ப அவரு ஸ்டேஷனுக்குப் போகலைன்னு போட்ட கேஸை நீங்கதான் வாதாடி உடைச்சீங்க. அதை மறக்கல. மறக்காததாலதான் இம்புட்டு உரிமையா எழுதுறேன்.

இன்னொண்ணு, இது உங்களுக்கு மட்டும். புதுசா வந்திருக்க இன்ஸ்பெக்டரு வெளியூர் போக அனுமதிச் சீட்டு கேட்டா, அவருக்கு வேண்டிய ஒரு பண்ணையில நாலு நாளு சும்மா உழுதுட்டு வரச் சொல்றாரு. உழுதவனுக்குத்தான் சீட்டு. இதைத் தடுக்க உங்களால முடியும்னு நம்புறேன்.

இப்படிக்கு,
அன்னக்கொடி


சென்னை
22-1-1938

அன்னக்கொடிக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் சட்டசபை என்பது ஊர்க்கூட்டம் அல்ல. நமது கட்சி மந்திரி சபைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வெள்ளைக்கார அதிகாரிகள் எப்போது சறுக்குவோம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தச் சமயத்தில் நம் மந்திரிகளை நாமே கேள்வி கேட்டுச் சங்கடப்படுத்தக் கூடாது என்று கட்சியில் முடிவு. ரேகைச் சட்டம் போகும். காலம் பார்த்துத்தான் போகும்.

அதுவரை கைகட்டி இருக்கிறேன் என்று நினைத்துவிடாதே. உன் கடிதத்தை அப்படியே என் குறிப்போடு மந்திரியிடம் நேரில் கொடுத்துவிட்டேன். சீட்டு விஷயத்தைப் படித்ததும் முகம் சிவந்துபோனார். உடனே விசாரிக்கச் சொல்வதாக வாக்களித்திருக்கிறார். உன் எழுத்து அத்தனை தெளிவாக இருந்தது என்று பாராட்டினார்.

விருமாண்டிக்கு மட்டும் நன்னடத்தையின் பேரில் விலக்கு வாங்க வழி இருக்கிறது. ஒரு மனு எழுதி அனுப்பு, நான் சிபாரிசு செய்கிறேன்.

சிவசங்கரன்


ஆலம்பாறைப்பட்டி
3-4-1938

வக்கீல் ஐயாவுக்கு,

நீங்க மந்திரிகிட்ட குடுத்த என் கடுதாசி எங்க ஊருக்கே திரும்பி வந்துருச்சு.

மாசி மாசம் ஒரு நாள் காலையில மூணாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கிட்டு இருந்தேன். இன்ஸ்பெக்டர் உள்ள வந்தாரு. கையில அந்தக் கடுதாசி. மேல உங்க குறிப்பு, அதுக்கு மேல யாரோ ஒரு அதிகாரி, அதுக்கும் மேல இன்னொரு அதிகாரி. கடைசி வரி, "இன்ஸ்பெக்டர் விசாரித்து நடவடிக்கை எடுக்கவும்." யாரைப் பத்தி எழுதுனேனோ அவரையே விசாரிக்கச் சொல்லி அவர் கையிலயே குடுத்திருக்காங்க. நீங்க, மந்திரி, அதிகாரிக எல்லாரும் படிச்சவங்க. ஒருத்தருக்கும் இது தோணலயா?

"இது உன் கையெழுத்தா?"ன்னு கேட்டாரு.

"ஆமா. எழுதுனதும் நான்தான்"னேன்.

"நல்லா எழுதுற. பிள்ளைகளுக்குப் படிச்சுக் காட்டுவோமா?"ன்னு சொல்லி, பூராத்தையும் சத்தமாப் படிச்சாரு. பிள்ளைப்பேத்து வலின்னு எழுதுன இடத்தை ரெண்டு தடவை படிச்சாரு.

அடுத்த வாரம் எங்க வீட்டுக்காரரு அலங்காநல்லூருக்கு மாடு பாக்கப் போயிருந்தாரு. கையில சீட்டு இருந்துச்சு. திரும்பி வந்ததும் சீட்டை வாங்கிக் கிழிச்சுப்புட்டு, சீட்டே குடுக்கலன்னு ரிஜிஸ்டர்ல எழுதிட்டாங்க. சொல்லாம ஊரை விட்டுப் போனதுக்கு ஒரு வருசம் ஜெயில். எனக்கும் உத்தரவு வந்துருச்சு. சர்க்கார் சம்பளம் வாங்கிக்கிட்டுச் சர்க்காரைப் பத்தி அவதூறு எழுதுனவ டீச்சரா இருக்க லாயக்கில்லையாம்.

கேஸ் அன்னைக்கு மேலாவணி மூல வீதியில உங்க வீட்டுக்கு எங்க கொழுந்தனாரு நல்லகாமனை அனுப்பினேன். மாநாட்டுக்குத் தலைமை தாங்கத் திண்டுக்கல் போயிருக்கீங்கன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்களாம்.

உங்களுக்கு மட்டும்னு எழுதியிருந்தேன். அந்த வரிய மந்திரி படிச்சாரா, நீங்க படிச்சீங்களா?

நீங்க சொன்ன விலக்கு மனு வேண்டாம். ஐம்பத்தேழு பேரை விட்டுட்டு அவரு மட்டும் வீட்டுல படுக்க மாட்டாரு.

அன்னக்கொடி


மதுரை
9-4-1938

அன்னக்கொடிக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் கோர்ட்டுக்குப் போகவில்லை. நான் செய்தது முறைப்படியான காரியம். ஒரு மெம்பர் தனக்கு வந்த புகாரை மந்திரியிடம் சேர்ப்பதுதான் வழக்கம். அது போன வழியில் நடந்ததற்கு நான் பொறுப்பல்ல என்றுதான் முதலில் எழுதினேன். என் மனைவி சாவித்ரி அதை வாங்கிப் படித்துவிட்டு, "இதைத் தபாலில் சேர்க்க வேண்டாம்" என்றாள். கிழித்துவிட்டேன்.

விருமாண்டிக்கு அப்பீல் போட்டாகிவிட்டது. என்னோடு வேலை பார்க்கும் பட்டாபிராமன் அதைப் பார்த்துக்கொள்வான். கட்சி என்ன சொன்னாலும் சரி என்று சபைக்குக் கேள்வி நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன். அனுமதிச் சீட்டுக்காகப் பண்ணையில் கூலியில்லாமல் வேலை வாங்கப்படுகிறதா, இது பற்றிப் புகார் எழுதியவரின் கணவர் சிறையிலிருப்பது மந்திரிக்குத் தெரியுமா, இந்தச் சட்டத்தை ரத்து செய்யும் உத்தேசம் உண்டா, இல்லையென்றால் ஏன். மந்திரி எழுந்து நின்று பதில் சொல்லியாக வேண்டும். அதை எல்லாப் பத்திரிகையும் போடும்.

சிவசங்கரன்


ஆலம்பாறைப்பட்டி
11-9-1938

வக்கீல் ஐயாவுக்கு,

அப்பீல் தள்ளுபடி ஆயிருச்சு. ரிஜிஸ்டர்ல சீட்டு குடுத்ததா இல்லைன்னுட்டாங்க. அது கோர்ட்டு, அதுக்கு உங்களைக் குத்தம் சொல்லல.

நேத்து பஸ்ஸுல வந்த போன வாரத்துப் பேப்பர் பாத்தேன். உங்க பேரும் கேள்வி நம்பரும் போட்டு, பக்கத்துல ஒரு வார்த்தை. "வாபஸ்".

என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க. எழுத முடியலைன்னா, முடியலைன்னு எழுதுங்க.

அன்னக்கொடி


சென்னை
18-9-1938

அன்னக்கொடிக்கு,

நீ கேட்கிற தோரணையில் என்னை இதுவரை ஜட்ஜுகூடக் கேட்டதில்லை. இருபத்தொன்றில் கட்சி சொன்னது என்று கோர்ட்டை விட்டு வெளியேறி, மூன்று வருஷம் வருமானமில்லாமல் இருந்தவன் நான். தடியடியில் உடைந்த தோள் இன்றும் மழைக்காலத்தில் வலிக்கிறது. பதவிக்காகக் கேள்வியை விழுங்கிவிட்டேன் என்று நீ நினைப்பதாகத் தெரிகிறது. அதற்காகவே நடந்ததை எழுதுகிறேன்.

கேள்வி வருவதற்கு முதல் நாள் மந்திரியின் காரியதரிசி என் அறைக்கு வந்தார். "விருமாண்டி கேஸைப் பார்த்தோம். அது நிற்கிற கேஸ் இல்லை. கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள், பத்து நாளில் ஆளை வெளியே விட உத்தரவு போடுகிறோம்" என்றார். சட்டம் போக இன்னும் எத்தனை வருஷமோ. உன் புருஷன் பத்து நாளில் வீட்டுக்கு வரலாம். நான் எதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்? நீயே சொல். நாலு வயசுப் பெண் குழந்தையை வைத்துக்கொண்டு வேலையும் இல்லாமல் இருக்கிறவள் நீ. உன்னை நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அது நடந்து பதினாறு நாள் ஆகிறது. உத்தரவு வரவில்லை. இன்று காலை காரியதரிசியைப் பார்க்கப் போனேன். அப்படி ஒரு பேச்சு நடந்ததாகவே தமக்கு ஞாபகமில்லை என்கிறார்.

சிவசங்கரன்


ஆலம்பாறைப்பட்டி
25-9-1938

யாரைக் கேட்டு எங்க வீட்டுக்காரரை வச்சுப் பேரம் பேசுனீங்க?

ஐம்பத்தெட்டு பேரு கேள்வி அது. அதுல ஒருத்தரை எடுத்து ஒரு தட்டுலயும் மத்தவங்களை இன்னொரு தட்டுலயும் வச்சீங்க. அவருகிட்டக் கேக்கல, என்கிட்டயும் கேக்கல. கேட்டிருந்தா ஒரு வருசம் முழுசா இருந்துட்டு வாரேன், கேள்விய விட்றாதீங்கன்னு அவரு சொல்லியிருப்பாரு. நல்லகாமன் ஜெயிலுக்குப் போய்க் கேட்டுட்டு வந்துட்டாரு. அதைத்தான் சொன்னாராம்.

என்னைய நினைச்சுச் செஞ்சேன்னு எழுதியிருக்கீங்க. இனிமே எங்களை நினைச்சு எதுவும் செய்யாதீங்க.

அன்னக்கொடி


மதுரை
26-11-1939

அன்னக்கொடி அம்மாளுக்கு,

பதினான்கு மாதமாக எழுதவில்லை. எழுதக் கூடாது என்று நீங்கள் சொன்னதாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். உத்தரவு கடைசிவரை வரவில்லை. விருமாண்டி முழு வருஷமும் இருந்துவிட்டுத்தான் வந்தார் என்று தெரியும்.

யுத்தத்தை முன்னிட்டு மந்திரி சபை ராஜினாமா செய்துவிட்டது. சபை இனிக் கூடப்போவதில்லை. வாசலில் எம்.எல்.ஏ. என்று பலகை தொங்குகிறது. வருகிறவர்கள் யாரும் இப்போது அதைப் படிப்பதில்லை.

விருமாண்டி மேல் இரண்டாவது கேஸ் போட்டிருக்கிறார்கள் என்று பட்டாபிராமன் சொன்னான். முதல் தண்டனை இருப்பதால் இந்த முறை மூன்று வருஷம்கூடக் கொடுக்கலாம். இந்தக் கேஸை நான் நடத்துகிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

சிவசங்கரன்


ஆலம்பாறைப்பட்டி
4-12-1939

வக்கீல் ஐயாவுக்கு,

கேஸ் என்னன்னு கேட்டுக்கங்க. ஐப்பசி ஏழாம் தேதி அவரு ஸ்டேஷனுக்கு வரலைன்னு எழுதியிருக்காங்க. வந்தாரு. பொழுது சாயப் போய்ப் படுத்து, விடிஞ்சுதான் வந்தாரு. ஸ்டேஷன்ல படுத்திருந்தவரை இல்லைன்னு எழுதியிருக்காங்க. பக்கத்துல படுத்திருந்தவங்க ஐம்பத்தேழு பேரு. சாட்சி சொல்லப் பூராப் பேரும் வாராங்க. ஆனா ரேகை வச்சவன் ரேகை வச்சவனுக்குச் சொல்ற சாட்சி எடுபடாதுன்னு பட்டாபிராமன் ஐயா சொல்றாரு. ஒரு ஊரே கண்ணால பாத்தது கோர்ட்டுல கணக்கு இல்ல.

அதனால ஒண்ணு சொல்றேன். நீங்க வாதாட வேண்டாம். பட்டாபிராமன் ஐயா வாதாடட்டும். நீங்க கூண்டுல ஏறிச் சாட்சி சொல்லுங்க.

இந்த இன்ஸ்பெக்டருக்கு எங்க மேல ஏன் வன்மம்னு உங்களுக்குத்தான் தெரியும். என் கடுதாசிய மந்திரிகிட்டக் குடுத்தது நீங்க. மொத கேஸ் நிக்காத கேஸுன்னு காரியதரிசி சொன்னதைக் காதால கேட்டது நீங்க. அதுக்கு ஈடா நீங்க என்ன குடுத்தீங்கங்கிறதையும் சேத்துச் சொல்லணும். அதை விட்டுட்டுச் சொன்னா எடுபடாது. உங்க சாட்சிய யாரும் தள்ள முடியாது, நீங்க ரேகை வைக்கல.

முடியுமா முடியாதான்னு மட்டும் எழுதுங்க.

அன்னக்கொடி


மதுரை
19-12-1939

அன்னக்கொடி அம்மாளுக்கு,

நீங்கள் கேட்டது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. மந்திரியின் காரியதரிசியும் ஒரு மெம்பரும் தனியறையில் பேசியதைக் கோர்ட்டில் சொன்னால் கட்சியில் எனக்கு இடம் கிடையாது. இருபது வருஷ சிநேகிதர்கள் வீட்டு வாசல் மிதிக்க மாட்டார்கள். சர்க்கார் வக்கீல் என்னைக் குறுக்கு விசாரணை செய்வார். அவர் என்னிடம் தொழில் கற்றவர், எங்கே குத்தினால் வலிக்கும் என்று நன்றாகத் தெரிந்தவர்.

நேற்று கட்சி ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எப்படியோ காதில் விழுந்திருக்கிறது. "ஒரு ரேகைக்காரனுக்காகவா?" என்று ஒருவர் கேட்டார். போன மாதம்வரை அந்த வார்த்தை எனக்கும் சாதாரணமாகப் பட்டிருக்கும். எழுந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அவர்களுக்குக் காப்பி கொண்டு வந்த சாவித்ரி அப்படியே உள்ளே திரும்பிப் போய்விட்டாள்.

முடியும்.

சிவசங்கரன்


ஆலம்பாறைப்பட்டி
17-3-1940

வக்கீல் ஐயாவுக்கு,

தீர்ப்பு சொன்ன அன்னைக்கு உங்களைத் தேடுனேன். நீங்க அதுக்குள்ள போயிட்டீங்க. இன்ஸ்பெக்டருக்கு முன்விரோதம் இருந்தது நிரூபணமாகிறது, அவர் எழுதிய ரிஜிஸ்டரை நம்ப முடியாது, விடுதலைன்னு மாஜிஸ்திரேட் படிச்சாரு. எங்க வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் புரியல. பட்டாபிராமன் ஐயா முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

நீங்க கூண்டுல நின்னதைப் பத்தி எழுதணும்னு தோணுச்சு, உங்களுக்கு அங்கேருந்து பின்பக்கம் தெரிஞ்சிருக்காது. வெளிய வராந்தாவுல கருப்பு கவுனைக் கழட்டி பட்டாபிராமன் ஐயா கையில குடுத்துட்டு வந்தீங்க. வெள்ளைச் சட்டையில ஏறி நின்னீங்க. எங்க ஆளுக பின்னால தரையில உக்காந்திருந்தாங்க. கூண்டுல நின்னு பழகுனவங்க. இப்படி ஒரு ஆள் நிக்கிறதை அவங்க பாத்ததில்ல.

சர்க்கார் வக்கீல் கேட்டாரு, "கேள்வியை வாபஸ் வாங்க உங்களிடம் பேரம் பேசினார்கள் என்பதற்கு எழுத்து ஆதாரம் உண்டா?"

"வாபஸ் வாங்கினதுக்கு உண்டு. ஏன் வாங்கினேங்கிறதுக்கு என் வாய் வார்த்தைதான்"னீங்க.

"ஆகக் கூடி, ஒரு குற்றவாளியின் விடுதலைக்காகச் சபையில் உங்கள் கடமையை விற்றேன் என்கிறீர்கள்."

"குற்றவாளிங்கிற வார்த்தையை எடுத்துட்டா, ஆமாம். வித்தேன்."

உங்க கை கூண்டுக் கம்பிய இறுக்கிப் பிடிச்சிருந்துச்சு. அவரு உங்களை ஒரு மணி நேரம் பிச்சு எடுத்தாரு. பாத்துக்கிட்டிருக்க எனக்குச் சந்தோசமா இருக்கும்னு நினைச்சுத்தான் வந்தேன். சந்தோசமா இல்ல.

ஆனா ஒண்ணு சொல்லணும். இன்ஸ்பெக்டரை வேற ஊருக்கு மாத்திட்டாங்க, அம்புட்டுதான். அங்கேயும் ரேகை வச்சவங்க இருக்காங்க. எங்க ஐம்பத்தெட்டு பேரு இன்னைக்கும் சாயங்காலம் பாயைச் சுருட்டிக்கிட்டுப் போனாங்க, விடுதலையான எங்க வீட்டுக்காரரும் சேத்துத்தான். எனக்கு வேலை திரும்பி வரல. கோர்ட்டுல சொன்னதைச் சபையில சொல்லியிருந்தா சட்டத்தையே பேசியிருக்கலாம். இப்ப ஒரு கேஸைத்தான் பேசியிருக்கோம்.

அன்னக்கொடி


மதுரை
2-2-1946

அன்னக்கொடி அம்மாளுக்கு,

பேப்பரில் பார்த்திருப்பீர்கள். தேர்தலுக்குக் கட்சி எனக்கு இடம் கொடுக்கவில்லை. எங்கள் பகுதிக்கு நிறுத்தியிருப்பவர் ஆறு வருஷத்துக்கு முன் என் வீட்டுக்கு வந்து, நான் கதவைத் திறந்து வைத்ததும் எழுந்துபோன இரண்டு பேரில் ஒருவர். கூட்டங்களில் ரேகைச் சட்டத்தை ஒழிப்போம் என்று பேசுகிறாராம். என் பழைய பேச்சை வரிக்கு வரி பேசுகிறார் என்று பட்டாபிராமன் சொல்லிச் சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் நிஜமாகவே செய்வாரானால் அவருக்கே ஓட்டுப் போடுங்கள். வாசல் பலகையைக் கழற்றியாகிவிட்டது.

சிவசங்கரன்


ஆலம்பாறைப்பட்டி
22-6-1947

வக்கீல் ஐயாவுக்கு,

சட்டம் போயிருச்சு. உங்களுக்கு முன்னமே தெரிஞ்சிருக்கும்.

நேத்து ஊர்ல கூட்டம் போட்டாங்க. புது மெம்பருக்கு ஆளுயர மாலை. தான் ஒத்தை ஆளா நின்னு போராடுனதாப் பேசினாரு. அவரு பக்கத்து நாற்காலியில யாரு தெரியுமா? எங்க பழைய இன்ஸ்பெக்டர். இப்ப உத்தியோகம் ஏறி, பந்தோபஸ்து பாக்க வந்தவரு. அவருக்கும் ஒரு மாலை போடுங்க, பழசை மறந்துருவோம்னு எங்க வீட்டுக்காரரு கையில குடுத்தாங்க. அவரு அதை வாங்கி, மேடையில ஏறாம, பக்கத்துல கட்டியிருந்த எங்க காளை கழுத்துல போட்டுட்டு வந்து உக்காந்துட்டாரு. அது பாதியத் தின்னுருச்சு.

உங்க பேரை யாரும் சொல்லல. எனக்குக் கோவம் வந்துச்சு. உங்க மேல எனக்கு இருக்கிற கோவம் வேற, அது எனக்கும் உங்களுக்கும் உள்ளது. அதுக்காக நடக்காததை நடந்ததாவும் நடந்ததை நடக்காததாவும் ஒருத்தர் பேசுனா கேட்டுக்கிட்டு இருக்க முடியுமா? எந்திரிச்சு, "கோர்ட்டுல வந்து சொன்னவரு ஒருத்தரு இருக்காரு, அவரு பேரு சிவசங்கரன்"னு சொன்னேன். மைக்கை அங்கிட்டுத் திருப்பிட்டாங்க.

மறுபடியும் சொல்றேன், உங்களைக் கொண்டாட இல்ல. எங்க ஆளுக உங்ககிட்ட நேர்ல கேக்கணும்ங்கிறாங்க. நீங்க சபையில வாபஸ் வாங்குன கேள்விக்கு இன்னும் ஊருக்குப் பதில் சொல்லல. கோர்ட்டுக்குச் சொன்னீங்க. மாலை, மேடை ஒண்ணும் கிடையாது. எப்ப வாரீங்க?

அன்னக்கொடி


மதுரை
14-7-1947

அன்னக்கொடி அம்மாளுக்கு,

ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பி மூன்று நாளாகிறது. மூச்சிரைப்பு இருக்கிறதே, பஸ்ஸில் போக வேண்டாம் என்று சாவித்ரி தடுத்துப் பார்த்தாள். நல்லவேளை வந்தேன்.

முப்பத்தைந்து வருஷம் கேள்வி கேட்டே பிழைத்தவன் நான். அன்றைக்கு வேப்பமரத்தடியில் நாற்பது ஐம்பது பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். மொக்கையன் கேட்டார், "ஒத்தை ஆளை வெளிய விட்டா நாங்க சும்மா இருந்துருவோம்னு நெனச்சீங்களா?" என்று. ஆமாம், அப்படித்தான் நினைத்தேன் என்றேன். காரியதரிசியை ஏன் அப்படியே நம்பினீர்கள் என்று பேயாண்டி கேட்டார். அவர் என்னைப் போல உடுத்தியிருந்தார், என்னைப் போலப் பேசினார், அதனால் நம்பினேன் என்றேன். அதைச் சொல்லும்வரை எனக்கே அது தெரியாது.

விருமாண்டி கடைசியில்தான் வாயைத் திறந்தார். "ஒரு வருசம் மதுரை ஜெயில்ல இருந்தேன். உங்க வீட்டுலேருந்து ஒரு மைல் இருக்குமா? ஏன்யா ஒரு தடவைகூட வந்து பாக்கல?"

நீங்கள் அங்கே இருந்தீர்கள். நான் பதில் சொல்லாததைப் பார்த்தீர்கள். இப்போது எழுதுகிறேன். வெட்கம். கேள்வியை வாபஸ் வாங்குவதற்கு முன் நேரமில்லை என்று வரவில்லை. வாங்கிய பிறகு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் வரவில்லை. சிறைக்குப் போனவன் என்று மேடை மேடையாகச் சொன்னவனுக்குச் சிறை வாசல்வரை நடக்கக் கால் வரவில்லை. இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

சிவசங்கரன்


ஆலம்பாறைப்பட்டி
20-7-1947

வக்கீல் ஐயாவுக்கு,

படிச்சுக் காட்டுனேன். கேட்டுட்டு, "போதும். வயசான மனுசன், விடு"ன்னாரு. ஏர்க்காலைத் தூக்கிக்கிட்டு வயக்காட்டுக்குப் போயிட்டாரு. அவருக்கு ஆறிப்போச்சு. எனக்கு ஆறல. ஆறிருச்சுன்னு உங்களுக்கு எழுதுனா அது பொய்யி.

சட்டம் போயும் என் வேலை வரல. அவதூறு எழுதுனவள்னு போட்ட உத்தரவு இன்னும் ஆபீஸுல அப்படியே இருக்காம். சட்டம் தப்புன்னு சர்க்காரே சொன்னதுக்கப்புறம், அதைத் தப்புன்னு எழுதுனவ எப்படிக் குத்தவாளியா இருப்பா? ஒன்பது வருசச் சம்பளத்தை நான் கேக்கல. அந்த உத்தரவைக் கிழிச்சுப்போட்டு, நான் எழுதுனது உண்மைன்னு அவங்க எழுதிக் குடுக்கணும். பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு முன்னாடி அதைப் படிக்கணும்.

மனு நானே எழுதிட்டேன். பதினோரு பக்கம். சிபாரிசு வேண்டாம், சட்டப்படி எந்த வரி நிக்கும் எது நிக்காதுன்னு மட்டும் நீங்க பாத்துச் சொல்லணும். தபால்ல அனுப்பல. வியாழக்கிழமை மொத பஸ்ஸுல நானே கொண்டு வாரேன். நீங்க படிச்சு முடிக்கிறவரைக்கும் எதுக்க உக்காந்திருப்பேன்.

அன்னக்கொடி